ராக் வாசிச்சா கை கெட்டுடுமா?

கேள்வி இதான். தண்டையார்பேட்டைல பிளஸ் டூ படிக்கிற ஒரு தம்பி, ராக் கேட்டு பைத்தியம் புடிச்சு கிட்டார் கிளாஸ் சேந்திருக்கான். மாஸ்டர் "ராக் வாசிச்சா கை கெட்டுடும், மொதல்ல கிளாசிக்கல் கிரேடு எக்சாம் முடி, அப்புறம் பாக்கலாம்"னு சொல்லிட்டாராம். வீட்ல அம்மா வேற "அது சாத்தான் பாட்டு, சர்ச்ல வாசிக்கற மாதிரி ஒழுங்கா கத்துக்கோ"னு சொல்றாங்களாம். யார் சொல்றது சரி, எலக்ட்ரிக் வாங்கலாமா வேணாமானு கேக்கறான்.

தம்பி, நான் பெரம்பூர் பக்கம் பசங்களுக்கு கிட்டார் சொல்லித்தர்றவன், லைட் மியூசிக் ட்ரூப்லயும் சர்ச்லயும் ரொம்ப வருஷமா ரிதம் வாசிக்கறவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படி.

கை கெடாது. ஆனா ராக் கேட்டுட்டு வர்ற பசங்கள்ல முக்காவாசி பேரு அதுல இருந்து எடுத்துக்க வேண்டியத விட்டுட்டு வேண்டாதத எடுத்துக்கறாங்க. சோலோவ எடுத்துக்கறாங்க, ஸ்பீட எடுத்துக்கறாங்க, கால்ல மிதிச்சு சத்தத்த மாத்தற பெடல் லிஸ்ட எடுத்துக்கறாங்க. ராக் கிட்டாருக்கு குடுத்த பெரிய சொத்து வலது கை ரிதமும், நோட்டு இல்லாம காதால கேட்டு வாசிக்கற பழக்கமும்தான். உன் மாஸ்டர் சொல்றதுலயும் பாதி நியாயம் இருக்கு, அதுக்கு அப்புறம் வரேன்.

மொதல்ல அம்மா விஷயம். சிஸ்டர் ரோசட்டா தார்ப்னு ஒரு அம்மா, 1915ல அமெரிக்கால அர்கன்சா பக்கம் பொறந்தவங்க, சர்ச்ல வளந்தவங்க, பாடுனது பெரும்பாலும் கர்த்தர் பாட்டு. 1940கள்லயே எலக்ட்ரிக் கிட்டார மாட்டிக்கிட்டு மேடைல நின்னு அவங்க லீட் வாசிச்சத பாத்துதான் பின்னாடி வந்த ராக் அண்ட் ரோல் ஆளுங்க பாதி பேரு கத்துக்கிட்டாங்க. ரொம்ப நாள் அவங்கள யாரும் கண்டுக்கல, 2018லதான் அங்க ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்ல அவங்க பேர சேத்தாங்க. யூடியூப்ல அவங்க வீடியோ இருக்கு, கோட்டு போட்டுக்கிட்டு ஒரு ரயில்வே ஸ்டேஷன் பிளாட்ஃபாரத்துல நின்னு வாசிப்பாங்க, 1964ல இங்கிலாந்துல எடுத்தது. அத அம்மாகிட்ட போட்டு காட்டு, நீ வாதாட வேண்டாம். ராக் சர்ச்ல இருந்து வெளிய போன புள்ளதான்.

நம்ம ஏரியால கூட அப்படித்தானே. வடசென்னைல ஒரு பையன் கைக்கு கிட்டார் எப்படி வருது சொல்லு? ஒண்ணு சர்ச், இல்லன்னா ட்ரூப். ராயபுரம், வியாசர்பாடி, புளியந்தோப்பு, அயனாவரம், எங்க வேணா போய் பாரு, ஞாயித்துக்கிழம ஆராதனைல நாலு கார்டு (பல சுரத்த ஒண்ணா அடிக்கறது) புடிக்கற பையன் ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட சொந்த கிட்டார் இருக்காது, சர்ச் கிட்டார்தான். அதுக்கும் முந்தி பெரம்பூர்ல ரயில்வே வேலைல இருந்த ஆங்கிலோ இந்தியன் குடும்பங்க, அவங்க வீட்டு டான்ஸ், கல்யாணம், கிறிஸ்துமஸ்னா கிட்டார் இல்லாம நடக்காது. ஏ.ஆர்.ரஹ்மானே சினிமாவுக்கு மியூசிக் போடறதுக்கு முன்னாடி ரூட்ஸ்ங்கற பேண்ட்ல டிரம்ஸ் சிவமணியோட கீபோர்டு வாசிச்சவரு, நெமிசிஸ் அவென்யூனு ஒரு ராக் பேண்டும் ஆரம்பிச்சவரு. அப்புறம் 2018 ஜனவரில தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கற நம்ம சென்னை பேண்ட் மொத தடவ மேடை ஏறுனப்ப கானாவுக்கு அடில எலக்ட்ரிக் கிட்டார் ரிஃப், அதாவது திரும்ப திரும்ப வர்ற சின்ன மெட்டு, ஓடுச்சு பாரு, அது நம்ம தெரு பாட்டும் ராக்கும் ஒரே மேடைல நின்ன நேரம். கானா பாட்டுக்கு டிஸ்டார்ஷன், அதாவது கிட்டார்ல வர்ற உடைஞ்ச கொரகொர சத்தம், ஒத்து வராதுனு சொன்னவங்க வாய் அன்னைக்கு மூடுச்சு.

சரி, கிட்டாருக்கு ராக் என்ன பண்ணுச்சுனு வருவோம்.

ராக் வர்றதுக்கு முன்னாடி எலக்ட்ரிக் கிட்டார்ல சத்தம் உடைஞ்சா பெரும்பாலும் அது ரிப்பேர். ஆம்ப்ளிஃபயர, அதாவது ஆம்ப, கொண்டு போய் கடைல குடுப்பாங்க. ராக் பசங்க அந்த ரிப்பேரயே வேணும்னாங்க. 1958ல லிங்க் ரேனு ஒருத்தரு, அந்த கர்ர்ர்னு வர்ற சத்தத்துக்காக ஆம்ப் ஸ்பீக்கர் பேப்பர்ல பென்சிலால ஓட்ட போட்டாரு. அந்த ரெக்கார்டுல பாட்டு வரியே கிடையாது, வெறும் கிட்டார்தான், அதையே சில ரேடியோ ஸ்டேஷன்ல போட மாட்டேன்னுட்டாங்க, கேட்டா பசங்க ரவுடி ஆயிடுவாங்களாம். 1964ல லண்டன்ல கிங்க்ஸ் பேண்ட்ல டேவ் டேவிஸ், வெறும் சின்ன பையன் அப்ப, ஸ்பீக்கர பிளேடால கிழிச்சு விட்டுட்டு ரெக்கார்டு பண்ணான். நடுவுல, 1961ல ஹிட்டான ஒரு கன்ட்ரி பாட்டோட ரெக்கார்டிங்ல மிக்சர்ல ஒரு சேனல் கெட்டுப்போய் ஒரு மாதிரி கொரகொரனு சத்தம் வந்துச்சு, அத அப்படியே விட்டாங்க, அந்த சத்தத்த டப்பாக்குள்ள அடைச்சு 1962ல மேஸ்ட்ரோ ஃபஸ் டோன்னு பெடலா வித்தாங்க. மூணு வருஷம் அது பெருசா போகல, 1965ல ரோலிங் ஸ்டோன்ஸ் ஒரு பாட்டுல அத மிதிச்சாங்க, அதோட கடைல ஸ்டாக் காலி. இன்னைக்கு நீ ரிச்சி ஸ்ட்ரீட்ல பாக்கற சைனா பெடல் வரைக்கும் எல்லாத்துக்கும் தாத்தா அந்த கெட்டுப்போன சேனல்தான்.

இது வெறும் கதை இல்ல, வாசிக்கற கைய இது மாத்திடுச்சு. டிஸ்டார்ஷன் போட்டா ரெண்டு விஷயம் நடக்கும். ஒண்ணு, சின்ன சத்தமும் பெரிய சத்தமும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துடும், அதனால ஒரு நோட்ட அடிச்சு விட்டா ரொம்ப நேரம் நிக்கும், வயலின் மாதிரி இழுக்கலாம். ரெண்டாவது, நீ முழு மேஜர் கார்டு புடிச்சா கூழாயிடும். ஏன்னா ஆம்ப் நீ அடிக்கற சுரங்களோட நிக்காது, அதுங்கள கூட்டியும் கழிச்சும் புதுசா சுரம் பண்ணும். ச-வும் ப-வும் மட்டும் அடிச்சா 2க்கு 3ங்கற கணக்குல அதிருது, 3ல 2 கழிச்சா 1, அது ச-வுக்கு ஒரு ஸ்தாயி கீழ இருக்கற அதே ச. அதான் இந்த ச-ப கூட்டு, பவர் கார்டுனு பேரு, ரெண்டு கம்பில வாசிச்சாலும் அடில பாஸ் ஓடற மாதிரி நெஞ்சுல இடிக்குது. நடுவுல க-வ சேத்தா கணக்கு கலையுது, அதுவும் கிட்டார் ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்க இருக்கற கம்பித்தடுப்பு) மேஜர் கார்டோட க இயற்கையா இருக்க வேண்டிய இடத்த விட கொஞ்சம் ஏத்தமாவே உக்காந்திருக்கும், டிஸ்டார்ஷன் அந்த இடிப்ப பெருசாக்கி காட்டிடும். அதனாலதான் ராக் ஆளுங்க க-வ தூக்கிட்டு ச-ப மட்டும் வச்சாங்க. சோம்பேறித்தனம்னு நெனைக்காத.

அடுத்தது, நீ வாசிக்காத கம்பி. சும்மா அகோஸ்டிக்ல வாசிக்கறப்ப பக்கத்து கம்பி லேசா அதிர்ந்தா ஒண்ணும் தெரியாது. ஆம்ப்ல கெயின், அதாவது சத்தத்த உடைக்கற அளவு, ஏத்தி வச்சா அது கத்தும். அதனால ராக் வாசிக்கறவன் ரெண்டு கையாலயும் எந்நேரமும் சத்தத்த அடக்கிட்டே இருக்கணும், எடது கை ஆட்காட்டி விரல் அடில கம்பிய லேசா தொட்டுட்டே இருக்கும், வலது உள்ளங்கை ஓரம் கம்பி வந்து முடியற பிரிட்ஜ் மேல உக்காந்திருக்கும். பாம் மியூட்னு சொல்றது அதான். எந்த கம்பி பேசணும் எந்த கம்பி வாய மூடணும்ங்கற கன்ட்ரோல ராக் மாதிரி வேற எதுவும் பசங்களுக்கு சீக்கிரம் சொல்லித்தராது. கை கெட்டுடும்னு சொல்ற மாஸ்டருங்க பலபேரு ஆம்ப் போட்டு வாசிச்சதில்ல, அதான் பிரச்சன.

ரிதம் கைக்கு ஒரு உதாரணம் சொல்றேன். மெட்டாலிக்காங்கற மெட்டல் பேண்டோட மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ், 1986ல வந்தது. 2022ல ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ் சீரியல்ல வந்ததுல இருந்து என்கிட்ட வர்ற பசங்க எல்லாம் அதத்தான் கேக்கறாங்க, பாட்டு அவங்க அப்பா வயசு. எல்லாருக்கும் சோலோ வேணும். நான் சோலோ பக்கமே போக மாட்டேன், மொத ரிஃப மட்டும் அந்த பேண்ட்ல ரிதம் வாசிக்கற ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் மாதிரி பிக்க (கம்பிய தட்டற சில்லு) கீழ மட்டுமே அடிச்சு, நிமிஷத்துக்கு 200 பீட்டுக்கு மேல, நிறுத்தாம வாசிடானு சொல்லுவேன். ஒரு நிமிஷத்துல முழங்கை கல்லாயிடும். மேலயும் கீழயும் அடிச்சா ஈசியா வரும், ஆனா அந்த சத்தம் வராது. வேகத்த பாதியாக்கி, தோள இறக்கி, மணிக்கட்ட மட்டும் ஆட்டி, வாரம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். அது வந்துட்டா அந்த பையன் கைய நான் எந்த ட்ரூப்புக்கும் தைரியமா அனுப்புவேன், ஏன்னா டைம் நகராது. ஏசி டிசிங்கற பேண்ட்ல, 2017ல செத்துப்போன மால்கம் யங்கும் அப்படித்தான் வாசிச்சாரு, தம்பி ஆங்கஸ் மேடைல ஓடறாரு ஆடறாரு, எல்லாரும் அவரத்தான் பாப்பாங்க, பின்னாடி அண்ணன் ஒரே எடத்துல நின்னு அடிச்ச கார்டு நின்னிருந்தா பாட்டே விழுந்திருக்கும். கவனிச்சு கேளு, அவரு சத்தத்துல டிஸ்டார்ஷன் நீ நெனைக்கறத விட ரொம்ப கம்மி.

டீப் பர்ப்பிள் பேண்டோட ஸ்மோக் ஆன் தி வாட்டர் வேற எல்லாரும் மொத நாளே வாசிக்கறாங்க, முக்காவாசி பேரு தப்பா. அந்த பேண்ட் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோர் அதுல பவர் கார்டு அடிக்கல, ரெண்டு ரெண்டு கம்பிய விரலால ஒண்ணா கிள்றாரு, மேல ச, கீழ ப, தலகீழ். கேட்டுப்பாரு வித்தியாசம் தெரியும்.

இப்ப டோனி அயோமி. பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட். எண்ணூர், மணலி, அம்பத்தூர்ல லேத்துலயும் பிரஸ்லயும் வேல பாத்துட்டு சாயங்காலம் கிட்டார் தொடற பசங்களுக்கு நான் கண்டிப்பா சொல்ற கதை. இங்கிலாந்துல பர்மிங்காம், ஷீட் மெட்டல் ஃபேக்டரி, பதினேழு வயசு, அன்னைக்கு அங்க அவருக்கு கடைசி நாள், மெஷின்ல ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. அவரு இடது கை பழக்கம், அதனால போனது ஃப்ரெட் புடிக்கற வலது கைல நடு விரலும் மோதிர விரலும். அவ்ளோதான் முடிஞ்சுதுனு இருந்தவருக்கு ஃபேக்டரி ஃபோர்மேன் ஒரு ரெக்கார்டு கொண்டாந்து போட்டு காட்டுனாரு, ஜாங்கோ ரைன்ஹார்ட், தீ விபத்துல கை போயி ரெண்டே விரல்ல சோலோ வாசிச்ச ஆளு. அயோமி பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரலுக்கு தொப்பி பண்ணாரு, மேல தோல் ஒட்டுனாரு. அந்த விரலுக்கு கெட்டி கம்பி அமுக்க முடியல, அப்ப லைட் கம்பி கடைல கிடைக்காது, பேஞ்சோ கம்பிய மாட்டுனாரு. அப்புறம் 1971ல வந்த மூணாவது ஆல்பத்துல நெறைய பாட்டுக்கு ட்யூனிங்க ஒன்றரை சுரம் எறக்கிட்டாரு, கம்பி இன்னும் தளர்ந்துச்சு, சத்தம் இன்னும் கனத்துச்சு. இன்னைக்கு உலகம் பூரா மெட்டல் பேண்டுங்க ட்யூனிங்க எறக்கி வாசிக்குதுல்ல, அதுக்கு பின்னாடி ஒரு மெஷின்ல போன விரல் நுனி இருக்கு.

பிரையன் மே இருக்காரே, குயின் பேண்ட், அவரும் அப்படித்தான், கிட்டார் வாங்க காசில்லாம 1963ல அப்பாவோட சேந்து பழைய கணப்பு அடுப்பு கட்டையில கழுத்து செதுக்கி கிட்டார் செய்ய ஆரம்பிச்சாரு, பிக்குக்கு பதிலா இன்னைக்கும் சில்லறை காசுதான், ஆறு பென்ஸ். எனக்கு கிட்டார் சரியில்ல மாஸ்டர்னு சொல்ற பையனுக்கு இத மட்டும் சொல்லுவேன்.

சரி, சோலோவே வேணாமா? வேணும், ஆனா அதுக்கும் நம்மகிட்ட ஒரு குறுக்கு வழி இருக்கு, எந்த இங்கிலீஷ் வீடியோலயும் சொல்ல மாட்டான். ராக் சோலோவுல பெரும்பாகம் மைனர் பெண்டாட்டானிக்னு ஒரே ஸ்கேல். அதுல இருக்கற அஞ்சு சுரம் அப்படியே சுத்த தன்யாசி ராகம். ச, சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம், ப, கைசிக நிஷாதம். மேஜர் பெண்டாட்டானிக்னா மோகனம். நாதஸ்வரத்துல, சினிமா பாட்டுல, சின்ன வயசுல இருந்து உன் காதுல இதெல்லாம் ஏற்கனவே கெடக்கு. அதனால பாக்ஸ் பேட்டர்ன, அதாவது விரல் வைக்கற எடத்தோட படத்த, மனப்பாடம் பண்றதுக்கு முன்னாடி வாயால பாடு, பாடுனத கம்பில தேடு. பெண்டிங்கும் நமக்கு புதுசில்ல, வீணைல கம்பிய இழுத்து கமகம் எடுக்கற அதே வேலதான், ஆனா நீ இழுத்து போய் நிக்கற சுரம் சரியா இருக்கணும், பாதி பசங்க கால் சுரம் கம்மியா நின்னுட்டு மூஞ்சிய மட்டும் சுளிப்பாங்க. கிட்டார் பிரசன்னா ராணிப்பேட்டைல பொறந்தவரு, ஐஐடி மெட்ராஸ்ல கப்பல் கட்டற படிப்பு படிச்சவரு, கர்நாடக கச்சேரியே எலக்ட்ரிக் கிட்டார்ல பண்றாரு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்காக தனியா ஒரு ஆல்பமே போட்டாரு. ரெண்டு பக்கமும் கேட்ட காது எப்படி இருக்கும்னு அவர கேட்டா புரியும்.

இப்ப உன் மாஸ்டருக்கு வரேன். அவரு சொல்றதுல நியாயமான பாதி என்னன்னா, கிளாசிக்கல்ல கிட்டார எடது தொடைல தூக்கி வச்சு உக்கார சொல்லுவாங்க, மணிக்கட்டு நேரா இருக்கும். ராக் பசங்க கெத்துக்கு ஸ்ட்ராப்ப முட்டி வரைக்கும் எறக்கிக்குவாங்க, மணிக்கட்டு எல் மாதிரி மடங்கும், அப்படி மணிக்கணக்கா வாசிச்சா நிஜமாவே நரம்பு புடிச்சுக்கும். அத மட்டும் தவிர்த்துடு, நின்னாலும் உக்காந்தாலும் கிட்டார் ஒரே உயரத்துல இருக்கட்டும். நோட்டேஷன் படிக்கறதும் நல்லதுதான், ஸ்டுடியோ வேலைக்கு போனா சோறு போடும். இளையராஜா சார் கிளாசிக்கல் கிட்டார்ல லண்டன் டிரினிட்டி காலேஜ் கோல்டு மெடல் வாங்குனவரு, அந்த படிப்பு இல்லாம இளைய நிலா கிட்டார் வந்திருக்குமானு எனக்கு சந்தேகம்தான். ரேண்டி ரோட்ஸ், பாடகர் ஆஸி ஆஸ்போர்னுக்கு கிட்டார் வாசிச்சவரு, டூர்ல போற ஊர்ல எல்லாம் கிளாசிக்கல் மாஸ்டர தேடி கிளாஸ் போவாரு. எட்டி வான் ஹேலன் சின்ன வயசுல பியானோ கத்துக்கிட்டவரு, அப்புறம்தான் 1978ல ரெண்டு கையாலயும் ஃப்ரெட்ல தட்டி உலகத்த அலற விட்டாரு. ஆக கிளாசிக்கல் எதிரி இல்ல. "முடிச்சுட்டு அப்புறம்"ங்கற வார்த்தைதான் தப்பு. பதினேழு வயசுல ஆசைய ரெண்டு வருஷம் தள்ளி போட்டா கிட்டார் பரண்ல ஏறிடும், 2008ல வாரணம் ஆயிரம் பாத்துட்டு வாங்குன கிட்டாருங்க எத்தன வீட்ல பரண்ல கெடக்குதுனு எனக்கு தெரியும், அதுல சிலத நானே கம்பி மாத்தி அடுத்த பையனுக்கு குடுத்திருக்கேன். கிரேடு வேணும்னா டிரினிட்டிலயே ராக் அண்ட் பாப்னு தனி எக்சாம் இருக்கு, அத மாஸ்டர்கிட்ட பேசு, மரியாதையா கேளு, ஒத்துக்குவாரு.

எலக்ட்ரிக் வாங்கலாமா? வாங்கு. ஒத்த ரூம் வீட்டுக்கு எலக்ட்ரிக்தான் சரி, ஆம்ப்ல சொருகாம வாசிச்சா பக்கத்து பாய்ல தூங்கறவங்களுக்கே கேக்காது, கம்பியும் மெல்லிசு, விரல் சீக்கிரம் பழகும். பிராண்ட விட கழுத்து நேரா இருக்கானு பாரு, ஒவ்வொரு ஃப்ரெட்டா அழுத்தி பாரு, எங்கயாவது சர்ர்னு அடிச்சா வேணாம். செகண்ட் ஹேண்ட் தாராளமா வாங்கலாம், தெரிஞ்சவங்கள கூட்டிட்டு போ. மொத வருஷம் பெடல் வாங்காத, ஹெட்ஃபோன் சொருகற சின்ன ஆம்ப் போதும். கடல் பக்கம் இருக்கற, உப்பு காத்து, வாசிச்சு முடிச்சதும் காஞ்ச துணில ஒவ்வொரு கம்பியா தொடச்சு வைக்கலன்னா ஒரு மாசத்துல துரு புடிச்சு விரல அறுக்கும்.

இன்னொண்ணு, இத விளையாட்டா எடுத்துக்காத. எலக்ட்ரிக் கிட்டார்ல கம்பி எல்லாம் பிரிட்ஜ் வழியா ஆம்போட எர்த்ல சேந்திருக்கு. ஆம்ப் ஒரு பிளக்லயும் மைக் மிக்சர் வேற பிளக்லயும் இருந்து, ஏதாவது ஒண்ணுல எர்த் இல்லன்னா, நீ கம்பிய புடிச்சுட்டு மைக்ல வாய வச்சதும் கரன்ட் உன் ஒடம்பு வழியா போகும். ஸ்டோன் தி க்ரோஸ் பேண்ட்ல லெஸ் ஹார்வினு ஒரு கிட்டாரிஸ்ட் 1972ல வேல்ஸ்ல ஸ்வான்சீ மேடைலயே இப்படித்தான் செத்துப்போனாரு. நம்ம பக்கம் கோயில் திருவிழா, சர்ச் கன்வென்ஷன், தெருமுனை கச்சேரி எல்லாம் ஜெனரேட்டர்ல ஓடும், மூணாவது பின்ன ஒடச்சிட்டு சொருகறது சாதாரணம். கம்பிய தொட்டா சத்தம் குறையுது, விட்டா உம்ம்னு ஏறுதுன்னா அது சாதா ஹம்மாவும் இருக்கலாம், எர்த் கோளாறாவும் இருக்கலாம், நீயே முடிவு பண்ணாத. சவுண்ட் சர்வீஸ் அண்ணன கூப்புட்டு ஆம்பயும் மிக்சரயும் ஒரே எர்த் போட்ட போர்டுல சொருக சொல்லு, டெஸ்டர் வச்சு மைக்க பாக்க சொல்லு, அவரு பாத்து சரினு சொன்ன அப்புறம் மேடை ஏறு. அதுக்கு மேலயும் மைக்குக்கு பஞ்சு உறை மாட்டிக்கோ, வெறும் கால்ல நிக்காத, மழை பெஞ்சு மேடை ஈரமா இருந்தா அன்னைக்கு அகோஸ்டிக்ல ஒரு மைக் தள்ளி வச்சு வாசிச்சுக்கோ.